அருளப்பன் அண்ணனும் ஆமையின் விலையும்

போனில் 'ஆமை அண்ணன்' என்று பெயர் வந்ததும் வழக்கம்போலச் சலித்துக்கொண்டேதான் எடுத்தேன். "ரின்யூவலுக்கு இன்னும் நாள் கிடக்கு அண்ணே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன். பேசியது அண்ணன் இல்லை. அவருடைய எதிர்வீட்டு லூர்துமேரியின் குரல் கேட்டது. "ஏஜெண்டம்மா, அண்ணன் பூட்டாரும்மா. காலைல கோயிலுக்குப் போய்ட்டு வந்து சேர்ல குந்துனாரு. டீ எடுத்துகினு போய்ப் பாத்தா தல சாஞ்சி கீது. கடைசியா உன் நம்பருக்குத்தான் பேசிகீறாரு, அதான் உனுக்கு மொதல்ல போட்டேன்."

முந்தின நாள் சாயங்காலம் பேசியது உண்மைதான். காரின் ஹாரன் சரியாக அடிக்கவில்லையாம், அதற்கு இன்சூரன்ஸில் ஏதாவது வாங்க முடியுமா என்று கேட்டார். "ஹாரனுக்கெல்லாம் க்ளெய்ம் போட்டா என்னைப் பார்த்து கம்பெனியில சிரிப்பாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனை மேசைமேல் வைத்துவிட்டு அழுதேன். எதிரே ஒரு லாரி ஓனர் பாலிசிக்காகக் காத்திருந்தார். அவர் பாவம், எழுந்து போய் எனக்குத் தண்ணீர் வாங்கிவந்தார்.

அருளப்பன் அண்ணன் எனக்கு உறவில்லை, ஊர்க்காரரும் இல்லை. நான் திருவொற்றியூர், அவர் ராயபுரம். நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், அவர் என் வாடிக்கையாளர். ராயபுரத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் என் ஆபீஸ். கன்டெய்னர் லாரி, ஷேர் ஆட்டோ, மீன் வண்டி என்று பாலிசி போட்டுக் காலம் தள்ளுகிறவள். இத்தனை வருஷத்தில் என்னிடம் பழங்காலக் கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுதான் ஆமை. கறுப்பாக, முதுகு வளைந்து, எவ்வளவு மிதித்தாலும் தன் வேகத்தில் போகும் வண்டி. அதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்த அஞ்சலியைப் படிக்கும் ராயபுரத்துப் பெண்களில் பாதிப்பேர் அதன் பின்சீட்டில் கல்யாண உடுப்போடு உட்கார்ந்து மாதா கோயிலுக்குப் போனவர்கள்தானே.

தெரியாதவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். அண்ணனுடைய மாமனார் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் டிரைவராக இருந்தவர். ஏஜெண்ட் தொழிலை மூடிக்கொண்டு போனபோது வண்டியை டிரைவரிடமே விட்டுவிட்டுப் போனார். மாமனாருக்குப் பிறகு வண்டி மருமகனுக்கு வந்தது. அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கிரேனை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போய் ஆமையைத் துடைப்பார். அவர் குடியிருந்த சந்தில் எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும், இந்து வீடோ கிறிஸ்தவ வீடோ, பெண்ணை மண்டபத்துக்கோ கோயிலுக்கோ கொண்டுபோவது ஆமைதான், ஓட்டுவது அண்ணன்தான். வாடகை கிடையாது. வாடகை என்ற சொல்லைச் சொன்னவர்களை அவர் திட்டியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அவர் முதன்முதலில் என் ஆபீஸுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை வண்டிக்கு தேர்ட் பார்ட்டி மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தார். அதாவது, வண்டி யார் மேலாவது இடித்தால் அவர்களுக்குப் பணம் போகும், நம் வண்டிக்கு ஒன்றும் வராது. முந்தின வாரம் ஒரு டிரெய்லர் லாரி உரசி பின்பக்க மட்கார்டு நசுங்கிவிட்டது. கைக்காசைப் போட்டுச் சரிசெய்துவிட்டு, மனசு கேட்காமல் வந்திருந்தார்.

நான் கம்ப்யூட்டரில் மாடலைத் தேடினேன். அப்படி ஒரு வண்டியே பட்டியலில் இல்லை. "சாதாரணமா ஃபுல் கவர் போட்டா, வருஷத்துக்கு வருஷம் மதிப்பைக் கழிச்சிக்கிட்டே வருவாங்க அண்ணே. உங்க வண்டிக்குக் கழிச்சிக் கழிச்சி மிஞ்சறது பழைய இரும்பு விலைதான்" என்றேன்.

"பேரீச்சம்பழம் கெடைக்கும்னு சொல்றியா?"

"அதேதான். இன்னொரு வழி இருக்கு. மதிப்பு போடறவர் வந்து வண்டியைப் பார்ப்பார். இவ்வளவுன்னு ஒரு தொகை சொல்வார். அதை நீங்களும் ஒத்துக்கணும், கம்பெனியும் ஒத்துக்கணும். பாலிசியில எழுதிட்டா, நாளைக்கு வண்டி முழுசாப் போச்சுன்னா அந்தத் தொகைதான். கழிவு கிடையாது. பேரம் எல்லாம் இப்பவே முடிஞ்சிடும்."

அண்ணன் யோசித்தார். பிறகு தலையை ஆட்டி, "வோணாம்" என்றார். "ஏன்?" என்றால், "வெலைய எழுதிட்டா அது விக்கிற வண்டி ஆய்டும். எம்புள்ள ஏற்கெனவே எத்தினிக்குப் போவும், எத்தினிக்குப் போவும்னு கேட்டுகினு கீறான். எழுதி வேற குடுத்தா அவ்ளோதான்" என்றார். மகன் ஜெரால்டு மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அம்மா போன பிறகு அப்பாவைத் தன்னோடு வரச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா நகராததற்கு வண்டிதான் காரணம் என்பது மகனுடைய எண்ணம். அதில் பாதி உண்மைதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கு ஒரு டிரெய்லர் முழுசா ஏறிட்டா, சந்துப் பொண்ணுங்க எல்லாம் ஷேர் ஆட்டோல போவாங்களா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவரைக் கொஞ்சம் அசைத்தது. "சரி, ஆள வரச் சொல்லு. பாத்துட்டுப் போவட்டும். எழுதறதப் பத்தி அப்பால பாக்கலாம்" என்று எழுந்து போனார்.

மதிப்பு போடுகிறவர் பைக்கில் வந்தார். கதவைத் தட்டினார், கீழே குனிந்து பார்த்தார், போட்டோ எடுத்தார். அண்ணன் கைகட்டிக்கொண்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற முகத்தோடு நின்றார். கடைசியில் அந்த மனிதர் ஒரு தொகையைச் சொன்னார். அவ்வளவுதான், கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"இன்னாது? எவ்ளோ? அய்ய, அந்த வெலைக்கு உன் பைக்க வித்துட்டுப் போ நைனா! பானெட்டைத் தொறந்து பாத்தியா? அந்த லெதர் எவன்கிட்ட கீது, காட்டு பாக்கலாம்! டேஷ்போர்டு மரம் இன்னா மரம் தெரியுமா உனுக்கு?"

விலையே வேண்டாம் என்றவர் அன்று வெயிலில் நின்று பேரம் பேசினார். ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, அதன்மேல் டீ கிளாஸை வைத்து டீ ஆடுகிறதா பார் என்றார். லூர்துமேரியைக் கூப்பிட்டு, "இவ கல்யாணத்துல இந்த வண்டி ஒரு எடத்துல நின்னுச்சான்னு கேளு" என்றார். மதிப்பு போடுகிறவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கடைசியில் தொகை அவர் முதலில் சொன்னதற்கு இரண்டு பங்குக்கும் மேலே போய் நின்றது. அண்ணன் கையெழுத்துப் போட்ட பிறகுதான், தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. "ஏமாத்திட்டியே ஏஜெண்டம்மா" என்றார். தொகை எவ்வளவு என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குப் பிடிக்காது.

அடுத்த மழைக்காலத்திலேயே அந்தப் பாலிசிக்கு வேலை வந்துவிட்டது. வண்டி பெயின்ட் வேலைக்காக எண்ணூர் பக்கம் ஒரு ஷெட்டில் நின்றிருந்தபோது வெள்ளம் வந்தது. சும்மா தண்ணீர் இல்லை, கறுப்பு எண்ணெய் மிதந்து வந்த தண்ணீர். ஆமை சீட் வரைக்கும் முழுகிவிட்டது. அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் ஹலோ கூடச் சொல்லவில்லை. "சாவி போட்டுடாதீங்க அண்ணே!" என்று கத்தினேன். தண்ணீரில் நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் தண்ணீரை உள்ளே இழுத்து எஞ்சினே போய்விடும். அந்தச் சேதத்துக்குக் கம்பெனி பைசா தராது. வெள்ளம் வந்தால் நம் ஜனங்கள் முதலில் செய்கிற காரியம் அதுதான்.

"சாவி எங்கிட்டதான் கீது. மெக்கானிக்கு குடு குடுன்றான். ஜட்டிப் பாக்கெட்ல வெச்சிகினேன், இப்ப எப்டி எடுப்பான்?" என்றார். சிரிக்கவைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் விவரமானவர். மணப்பெண்களோடு ஆமை நிற்கிற போட்டோக்களை யார் யாரோ போனில் போட்டிருந்ததை எடுத்துவைத்திருந்தார். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசி. வாடகைக்கு ஓட்டினால் க்ளெய்ம் செல்லாது. அண்ணன் வீட்டு முன்அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

"கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவீங்களா சார்?"

"சேச்சே. வாடகையா? அந்தப் பேச்சே கெடையாது."

அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் அண்ணன் பெருமையாக, "ஆனா மீன் வந்துரும்" என்றார்.

"என்ன மீன்?"

"வஞ்சிரம். சீசன் இல்லன்னா வவ்வாலு. கல்யாணத்துக்கு மறுநாள் காலைல பொண்ணு வூட்லேந்து வந்துரும். அதெல்லாம் ஒரு தபாகூட தவறுனது இல்ல சார்."

விசாரணைக்காரர் குனிந்து எழுதிக்கொண்டார். நான் அண்ணனுடைய காலை மிதித்தேன். "இன்னாத்துக்கு மிதிக்கிற? உண்மையத்தான சொன்னேன்?" என்று அவர் என்னையே கேட்டார். வண்டியைக் கொடுத்து அதற்குப் பதிலாக ஒரு பொருளை வாங்கினால், பணமாக இருந்தாலும் மீனாக இருந்தாலும் பிரதிபலன் பிரதிபலன்தான் என்று விசாரணைக்காரர் அமைதியாக விளக்கினார். ஒரு வஞ்சிரத்துக்காக ஆமை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அவரை அனுப்பிவிட்டு அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான் ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது. "மீன் உங்களுக்கு மட்டுமா வரும்?" அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சந்துல அல்லாருக்கும்தான் வரும். கல்யாண மீனு. சேர் தூக்குனவன், பாத்திரம் கழுவுனவன், ஒண்ணும் புடுங்காம வாசல்ல நின்னு வேடிக்க பாத்தவன், அல்லாருக்கும். கல்யாணம் பண்ண வூட்டுக்காரங்க குடுக்கறது, சந்துக்கு."

"இதை அவர்கிட்ட ஏன் சொல்லல?"

"அவரு கேக்கலியே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே சந்தில் ஒரு கல்யாணம் இருந்தது. ஆமை ஷெட்டில் கிடந்ததால் பெண் வேறு ஒரு வெள்ளைக் காரில் போனாள். திங்கட்கிழமை காலையில் இன்னொரு முறை பேச வேண்டும் என்று சொல்லி விசாரணைக்காரரை அண்ணன் வீட்டுக்கு வரவழைத்தேன். காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் சித்தப்பா கூடையோடு வந்தார். அண்ணனுக்கு ஒரு பங்கு வைத்தார். எனக்கு ஒரு பங்கு வைத்தார். விசாரணைக்காரரைப் பார்த்து, "சார் யாரு? புதுசா கீறாரு. பரவால்ல, புடிங்க சார்" என்று அவர் மடியிலிருந்த ஃபைல் மேலேயே ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "வண்டி ஷெட்ல இருக்கு சார். நேத்து கல்யாணத்துக்குப் போகல. ஆனாலும் மீன் வந்துடுச்சு. உங்களுக்கும் வந்துடுச்சு. நீங்க என்ன வண்டி ஓட்டினீங்க?"

அவர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். மீனை வாங்க மாட்டேன் என்று எவ்வளவோ சொன்னார். அண்ணன் விடவில்லை. கடைசியில் அதை லூர்துமேரி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். க்ளெய்ம் வந்தது. சீட்டுக்கு அதே மாதிரி லெதர் தேடிப் போட்டு, வயரிங்கை முழுசாக மாற்ற வேண்டியிருந்தது, பெரிய செலவு. பழுதுபார்க்கும் செலவு எழுதிய மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் வண்டியை முழுநஷ்டம் என்று கழித்துக்கட்டிவிடுவார்கள். அந்த மதிப்பு போடுகிறவர் முதலில் சொன்ன தொகையையே எழுதியிருந்தால் ஆமை அன்றைக்கே போயிருக்கும். வெயிலில் நின்று அண்ணன் பேசிய பேரம்தான் அதைக் காப்பாற்றியது. இதை நான் அவரிடம் சொன்னபோது, "பின்ன? வண்டி யாருது?" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்யாணத்துக்கு மறுநாளும் என் ஆபீஸுக்கு ஒரு பிளாஸ்டிக் பை வரும். நடுத்துண்டு ஒன்று இருக்கும். "உன் கமிஷன்" என்பார். தலைப்பக்கத்தை என்றைக்கும் கொடுத்ததில்லை, அது அவருக்கு.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஜெரால்டு என் ஆபீஸுக்கு வந்தார். அப்பாவின் முகம்தான், கண்ணாடி மட்டும் கூடுதல். கையில் பாலிசி இருந்தது. வண்டி வாரிசு பெயருக்கு மாறும் வரை என்ன நிலைமை என்று கேட்டார். மூன்று மாதமோ, பாலிசி முடிகிற நாளோ, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும் என்றேன். தலையாட்டினார். பிறகு, அந்தத் தொகை இருக்கிற இடத்தில் விரலை வைத்தார்.

"ஈசிஆர் ரோடு பக்கத்துலேந்து ஒருத்தர் கேக்கறாரு ஆண்ட்டி. பழைய வண்டியா சேர்த்து வெக்கறவரு. பாலிசில எவ்ளோ போட்டிருக்குன்னு கேட்டாரு, சொன்னேன். அதுக்கே எடுத்துக்கறேன்றாரு."

விலையை எழுதினால் அது விற்கிற வண்டி ஆகிவிடும் என்று அருளப்பன் அண்ணன் உட்கார்ந்து சொன்ன அதே நாற்காலியில்தான் அவர் மகன் உட்கார்ந்திருந்தார். "அது விக்கற விலை இல்ல தம்பி. வண்டி இல்லாமப் போனா வர்ற பணம்" என்றேன். சொல்லும்போதே குரல் ஏறிவிட்டது. அவர் கோபப்படவில்லை. "நான் அங்க இருக்கேன் ஆண்ட்டி. வீட்டைப் பூட்டிட்டுப் போகப்போறேன். யாரு தொடைப்பாங்க, யாரு ஓட்டுவாங்க?" என்று கேட்டார். கேட்டது நியாயமான கேள்வி. லூர்துமேரி மகளின் கல்யாணத்துக்கு அப்பா வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருப்பதால், அது முடிந்ததும் கைமாற்றிவிடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மனசு வரவில்லை. திங்கட்கிழமை ஆபீஸைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். ஜெரால்டு வேகமாக உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது. உட்காரக்கூட இல்லை.

"காலைல அந்த ஆளு வந்தான் ஆண்ட்டி. வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்தான். இது எண்ணெய்த் தண்ணில முழுகுன வண்டி, பாதி வெலைதான் தருவேன்றான். பாதி! நேத்து கல்யாணப் பொண்ண வெச்சி ஓட்டிகினு போனேன், ஒரு எடத்துல நிக்கல. அந்த லெதர் இன்னா லெதர் தெரியுமா அவனுக்கு? டேஷ்போர்டு தட்டிப் பாக்கறான், இன்னாமோ தேங்காய் வாங்க வந்தவன் மாதிரி! நான் சொல்ட்டேன். அந்த வெலைக்கு உன் கைல கட்டிகினு கீறியே, அந்த வாச்ச வித்துட்டுப் போன்னு சொல்ட்டேன்."

இத்தனை வருஷ மஸ்கட்டில் அவர் வாயிலிருந்து போயிருந்த ராயபுரம் அத்தனையும் அன்று காலையில் திரும்பி வந்திருந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

"மஸ்கட் போனா யார் ஓட்டுவாங்க தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

"லூர்து அக்கா பையன்கிட்ட லைசென்ஸ் கீது. ஓட்டுவான். பேர் மாத்தறதுக்கு இன்னா வேணும், சொல்லுங்க. மதிப்பு போடறவர வரச் சொல்லுங்க. அப்பா போட்டதுக்குக் கீழ மட்டும் எவனும் எழுதக்கூடாது" என்றார். பிறகுதான் கையில் இருந்தது ஞாபகம் வந்து, மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். "காலைல மீன் வந்துச்சி. உங்களுக்கு நடுத்துண்டாமே. லூர்து அக்கா சொன்னாங்க."

அருளப்பன் அண்ணனைத் தெரிந்தவர்களே, அவரிடமிருந்து உங்களுக்குக் கிடைத்தது என்னவென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு பாலிசியும் ஒரு நடுத்துண்டும். அன்று அதைக் குழம்பு வைத்தேன். மதிப்பு போடுகிறவரை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் வாருங்கள், பேரம் நேரமாகும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன்.